கியர் ‘கறக்’ என்று கடிக்கிறதா? பெட்டியைப் பிரிக்கும் முன் ஆயிலைப் பாருங்கள்

நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். குன்னூர் வழியாக வந்தாலும் கோத்தகிரி வழியாக வந்தாலும், சுமையோடு இறங்கும் வண்டியை அடக்கிப் பிடிப்பது பிரேக் மட்டும் அல்ல, இரண்டாம் கியரும்தான். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய விதி. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும் நொடியில் ‘கறக்’ என்று கடித்து, கியர் விழாமல் லிவர் திரும்பி வந்தால் வண்டி நியூட்ரலில் உருள்கிறது. மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிரேக், வளைவுக்கு வளைவு பிடிப்பை இழக்கும்.

சமவெளியில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் செலவு இருக்கிறது. பழைய ஓம்னியோ, ஆல்டோவோ, சின்ன லோடு வண்டியோ வாங்கி, காலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் மாலையில் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஓட்டுகிற குடும்பங்கள் இன்று கிராமத்துக்குக் கிராமம் இருக்கின்றன. கியர் கடிக்கத் தொடங்கியதும் இந்தக் குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது யாரோ சொன்னார்கள் என்று கனமான ஆயிலை வாங்கி ஊற்றுகிறார்கள். முதலாவது, சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலையைப் பல ஆயிரத்துக்குக் கொண்டுபோகும். இரண்டாவது, சத்தத்தை அடக்கிவிட்டு நோயை வளர்க்கும்.

கியர் கடிப்பது ஆயிலால் வந்ததா இல்லையா என்பதை வீட்டு வாசலிலேயே, ஒரு ஸ்பானர்கூடத் தொடாமல், பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். ஆயில்தான் காரணம் என்றால் சரியான ஆயிலை ஊற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு முன் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஓடும் பஸ்ஸில் ஏறுவது போல

ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் கை பிய்ந்துவிடும். பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, அதன் வேகத்துக்குத் தன் வேகத்தைக் கொண்டுவந்த பிறகுதான் கம்பியைப் பிடிப்பார். கியர்பாக்ஸுக்குள்ளும் இதே கதைதான். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் பல்சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது. சக்கரங்களோடு சேர்ந்த தண்டு வேறொரு வேகத்தில் சுற்றுகிறது. இரண்டையும் பூட்டுவதற்கு முன் வேகத்தைச் சமப்படுத்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ‘சிங்க்ரோ ரிங்’ என்ற வளையம். பெரும்பாலான வண்டிகளில் இது பித்தளை போன்ற செம்புக் கலவையால் ஆனது. கியர் லிவரைத் தள்ளும்போது இந்த வளையம், பல்சக்கரத்தின் பக்கத்தில் உள்ள கூம்பின்மேல் போய் உரசுகிறது. உரசல் ஒரு சின்ன பிரேக் போல வேலை செய்து வேகத்தைச் சமமாக்குகிறது. சமமான பிறகே பூட்டுப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு நுழைகின்றன. சமமாவதற்குள் நுழைந்தால் பல்லோடு பல் மோதும். நாம் கேட்கும் ‘கறக்’ அந்த மோதல்தான்.

இந்த அமைப்பு 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் முதலில் வந்தது. அதற்கு முன் ஓட்டுநர்கள் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து, காதால் கேட்டு, கையால் உணர்ந்து கியர் மாற்றினார்கள். நம் ஊரிலும் பழைய லாரி ஓட்டிய பெரியவர்களுக்கு ‘டபுள் கிளட்ச்’ அத்துப்படி. பழைய ஜீப்புகளில் முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. பெரும்பாலான கார்களில் இன்றும் ரிவர்ஸ் கியருக்குக் கிடையாது. ஆகவே ரிவர்ஸ் மட்டும் கடிக்கிறது என்றால் உடனே பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். வண்டி முழுதாக நின்ற பிறகு, கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று வினாடி பொறுத்துப் போட்டால் பெரும்பாலும் சத்தம் இருக்காது.

இனி ஆயில் விஷயம். மற்ற இடங்களில் ஆயிலின் வேலை வழுக்க வைப்பது. சிங்க்ரோ வளையத்தில் மட்டும் அது நேரத்துக்கு விலகி, உரசலுக்கு இடம்விட வேண்டும். வளையத்தின் உள்பக்கம் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். கூம்பின்மேல் படிந்த ஆயில் அந்தப் பள்ளங்கள் வழியே பிதுங்கி வெளியேறினால்தான் பிடிப்பு கிடைக்கும். ஆயில் அதிகக் கனமாக இருந்தால் பிதுங்க நேரமாகும். அதிக வழுவழுப்பாக இருந்தால் பிதுங்கிய பிறகும் பிடிப்பு வராது. தேய்ந்தோ குறைந்தோ போன ஆயில் என்றால் உலோகமே தேயும். கியர் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் சிக்கல் எல்லாம் இதுதான்.

முதலில் கிளட்ச், பிறகுதான் ஆயில்

ஆயில் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். தட்டுத்தடங்கல் இல்லாமல் விழுந்தால் லிவர், கேபிள், இணைப்புக் கம்பிகள் பெரும்பாலும் சரி. ஓரிரண்டு கியர் மட்டும் முரண்டு பிடித்தால் வண்டியை அரை அடி தள்ளிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம். பற்கள் நேருக்கு நேர் நின்றாலும் அப்படி முரண்டும். அது கோளாறு அல்ல.

அடுத்து, எஞ்சினை ஓட விட்டு, நியூட்ரலில், கிளட்ச்சை அடிவரை மிதித்து ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அவ்வளவு பொறுத்தும் கடித்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. கிளட்ச்சை மிதித்தபடியே கியரில் வைத்திருக்கும்போது வண்டி மெல்ல நகரப் பார்த்தாலும் அதே காரணம்தான். இந்த வண்டிக்கு உலகத்தின் மிக உயர்ந்த கியர் ஆயிலை ஊற்றினாலும் கடிப்பது நிற்காது.

கிளட்ச் விலகாததற்குச் சில எளிய காரணங்கள் உண்டு. முதல் காரணம் சிரிப்பாக இருக்கும்: காலடியில் போட்டிருக்கும் தடித்த மேட். தேங்காய் நார் மேட்டும், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட ரப்பர் மேட்டும் பெடல் கடைசி ஓர் அங்குலம் இறங்குவதைத் தடுத்துவிடும். அதை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் நீண்டு, பெடலில் வெறுமனே ஆடும் தூரம் அதிகமாகியிருக்கலாம். அது நட்டைத் திருப்பிச் சரிசெய்கிற சின்ன வேலை. எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் டப்பாவில் அளவு குறைந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அந்த டப்பாவில் ஊற்ற வேண்டியது பிரேக் ஆயில் மட்டுமே. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாசர்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

கிளட்ச் சரி, ஆனால் ஓடும்போது கடிக்கிறது என்றால் எப்போது கடிக்கிறது என்று கவனிக்க வேண்டும். பனி பெய்யும் காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் இரண்டாம் கியர் முரண்டு பிடித்து, வண்டி சூடான பிறகு வெண்ணெய் போல விழுந்தால், ஆயில் அந்தக் குளிருக்கு அதிகக் கனம். எல்லாக் கியர்களும் சற்றுக் கடினமாகி, கூடவே ‘ஊ’ என்ற ஊளைச் சத்தமும் வந்தால் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிரோ சூடோ, ஒரே ஒரு கியர் மட்டும் எப்போதும் கடித்தால் அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் இரண்டாம் கியர்தான் அப்படி முதலில் போகும். சந்தைத் தெருவிலும் மலைப்பாதையிலும் அதிகம் உழைப்பது அதுதான்.

அளவு பார்க்காத பெட்டி

எஞ்சின் ஆயிலை வாரம் ஒருமுறை கம்பியை இழுத்துப் பார்க்கிற விவசாயிகூட, கியர்பாக்ஸ் ஆயிலை வண்டி வாங்கிய நாளிலிருந்து பார்த்திருக்க மாட்டார். பார்க்க எளிதாகக் கம்பி இல்லாததே காரணம். பெரும்பாலான வண்டிகளில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அதைக் கழற்றினால், ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். சுண்டுவிரலை உள்ளே விட்டால் நுனி நனைய வேண்டும். நனையவில்லை என்றால் குறைவு. சில கார்களில் அளவுத் துளை இருக்காது. அவற்றில் முழுதும் வடித்துவிட்டு, கையேட்டில் உள்ள அளவை அளந்துதான் ஊற்ற வேண்டும். சின்னக் கார்களில் இது பெரும்பாலும் 2 லிட்டரைச் சுற்றியே இருக்கும்.

ஆயில் தானாகக் குறையாது. எஞ்சினைப் போல இது எரிந்துபோவதும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. முன்சக்கர இழுவைக் கார்களில் சக்கரத்துக்குப் போகும் தண்டு பெட்டியில் நுழையும் இடத்து ஆயில் சீல்தான் வழக்கமாக முதலில் போகும். பெட்டியின் அடியில் தூசி ஒட்டிக் கருமையாகப் பிசுபிசுத்திருந்தால் அங்கே தேடலாம். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

டின்மேல் என்ன எழுதியிருக்கிறது?

மேட்டுப்பாளையம் பக்கத்து உதிரிபாகக் கடை ஒன்றில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அண்ணா, ஒரு ரெண்டு லிட்டர் 90 ஆயில் குடுங்க.”

“கியர்பாக்ஸுக்குங்களா, கிரவுனுக்குங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே?”

ஒன்றல்ல. கடைக்காரர் அப்படித் திருப்பிக் கேட்டால் அவர் நல்ல கடைக்காரர். பல கடைகளில் கேட்பதில்லை; கைக்கு எட்டுகிற டின் வந்துவிடும்.

கியர் ஆயில் டின்னில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று கனம், மற்றொன்று ரகம். ‘90 ஆயில்’ என்று நாம் சொல்வது கனத்தை மட்டுமே.

கனம் 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்பது போல எழுதப்பட்டிருக்கும். ‘டபிள்யூ’ என்ற எழுத்தோடு வரும் முதல் எண் குளிருக்கானது. எண் சிறியதாக இருந்தால் குளிரில் எளிதாக ஓடும். 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும், 85டபிள்யூ மைனஸ் 12 வரைக்கும் சோதித்துத் தரப்படுகின்றன. ஊட்டியில் உறைபனி விழும் நாளில்கூட அவ்வளவு குளிர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலும் லிவரைப் பிடித்த கைக்குத் தெரியும்.

இரண்டாவது எண் சூட்டில் உள்ள கனம். 100 டிகிரி சூட்டில் 90 எண் ஆயிலின் கனம் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக். 140 எண்ணுக்கு 24 முதல் 32.5. ஆக 140 என்பது 90-ஐவிடக் கொஞ்சம் கனம் அல்ல, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கனம். இதை எஞ்சின் ஆயில் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பவும் கூடாது. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 90 எண் கியர் ஆயில், சூட்டில் 40 அல்லது 50 எண் எஞ்சின் ஆயிலின் கனத்தில்தான் இருக்கும்.

ரகம் என்பது ‘ஜி.எல்.4’, ‘ஜி.எல்.5’ என்ற எழுத்துகள். பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

பின்சக்கர இழுவை வண்டிகளின் பின் அச்சில், நம் மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்று சொல்லும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று மிகுந்த அழுத்தத்தோடு வழுக்கிச் சுற்றுகின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தை ஆயிலில் அதிகமாகச் சேர்க்கிறார்கள். அது இரும்பின்மேல் ஒரு வேதிப்படலத்தை உண்டாக்கிப் பற்களைக் காக்கிறது. இதுதான் ஜி.எல்.5. ஜி.எல்.4-இல் இந்தச் சேர்மானம் ஏறத்தாழ அதில் பாதி.

அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். யூரியா விஷயத்திலும் அப்படித்தான் தோன்றுகிறது. இங்கே குறுக்கே வருவது சிங்க்ரோ வளையத்தின் செம்பு. போர்டோக் கலவையை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, மண் பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோதான் கரைக்க வேண்டும் என்பது திராட்சை, பாக்குத் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். மயில்துத்தம் இரும்பைத் தின்னும். அதுபோல, சூடான ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் செம்புக் கலவையை அரிக்கக்கூடும். ஆயில்களைச் சோதிக்கும்போது மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் மூழ்கவைத்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதே ஒரு வழக்கமான சோதனை.

இன்றைய நல்ல ஜி.எல்.5 ஆயில்கள் பல, அந்தச் செம்புச் சோதனையில் தேறிவிடுகின்றன. ஆகவே ஒருமுறை தவறி ஊற்றிவிட்டால் பெட்டி மறுநாளே போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால் அரிக்காத ஜி.எல்.5-கூட வளையத்துக்கு அதிக வழுவழுப்பு. உரசல் குறைந்து, வேகம் சமமாக நேரமாகி, கியர் கடிக்கும். ஆயில் மாற்றிய பிறகுதான் கடிக்கத் தொடங்கியது என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஓம்னி போன்ற பின்சக்கர இழுவை வண்டியில் கியர்பாக்ஸ் தனி, கிரவுன் தனி. பெட்டிக்கு ஜி.எல்.4, கிரவுனுக்கு ஜி.எல்.5 என்று இரண்டு டின் வாங்குவதுதான் பொதுவான முறை. ஆல்டோ போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. அங்குள்ள பற்கள் அந்த அளவு வழுக்கு அழுத்தம் கொடுக்காத வகை என்பதால் ஒரே ஆயில் போதும். சில கார்களின் பெட்டிக்கு எஞ்சின் ஆயில் அல்லது ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய சிவப்பு ஆயிலையே தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். சிலர் ஜி.எல்.5-ஐயே சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் அதுவே சரி. வளையத்தின் உலோகத்தைத் தெரிந்து வைத்துத்தான் சொல்கிறார்கள். கையேடு தொலைந்திருந்தால், அந்த வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் வண்டி மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வண்டிக்குள்ளேயே ஒட்டிவைப்பது நல்லது.

வாங்கும்போது பூச்சிமருந்து வாங்கும் அதே கவனம் வேண்டும். சீல் உடையாத டின், தயாரித்த தேதி, பேட்ச் எண், பில். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை ஆயில் வேண்டாம். அதில் கனமும் தெரியாது, ரகமும் தெரியாது. காலி டின்னை ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அதே டின் வேறு ஆயிலோடு திரும்பி வரலாம்.

140 ஊற்றினால் சத்தம் போகும், ஆனால்…

தேய்ந்த பெட்டியில் 140 ஊற்றுவது வெகுகாலப் பழக்கம். கனமான ஆயில் பற்களுக்கு நடுவில் மெத்தை போல நின்று ஊளைச் சத்தத்தை அமுக்கும். லோடு ஏற்றிய வண்டி அமைதியாக ஓடுவதைக் கேட்டு ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. ஆனால் பித்தளை வளையத்தின் வரிப்பள்ளங்களில் இந்த ஆயில் விரைவாகப் பிதுங்காது. வளையம் பிடிக்காமல் வழுக்கும். ஓட்டுநர் லிவரை அழுத்தித் தள்ளுவார். பூட்டுப் பற்களின் முனைகள் மழுங்கும். சில மாதம் கழித்து ஆயிலைச் சரியானதாக மாற்றினாலும் மழுங்கிய பல் திரும்ப வராது. குளிர்ப்பகுதியில் இந்தத் தவறு இன்னும் வேகமாகப் பலன் காட்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் குறிப்பாக மனதில் வைக்க வேண்டும். சத்தம் அமுங்குவதற்காகக் கனமான ஆயிலை ஊற்றி விற்பது தெரிந்த வித்தைதான். வண்டியைப் பார்க்க மதியம் போகக் கூடாது. இரவு முழுதும் நின்ற வண்டியை, காலையில் முதல் ஸ்டார்ட்டில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் “கொஞ்சம் சூடாகட்டும்ங்க, அப்புறம் ஓட்டிப் பாருங்க” என்றால் அங்கேயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளலாம்.

கடைகளில் கிடைக்கும் ‘கியர் மருந்து’ சீசாக்களுக்கும் இதே பதில்தான். உரசலைக் குறைக்கும் மருந்து, உரசலால் வேலை செய்யும் வளையத்துக்கு உதவாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வேலையைப் பட்டறையில் கொடுத்தாலும் பக்கத்தில் நிற்பது நல்லது. வண்டி சற்று ஓடிச் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கோடு முழுதாக இறங்கும். கீழ்ப் போல்ட்டைக் கழற்றும் முன் மேலே ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, துருப்பிடித்த மேல் போல்ட் கழலாமல் வண்டியை நடுப்பட்டறையில் நிறுத்திய கதைகள் ஏராளம். வீட்டிலேயே செய்கிறவர்கள் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லும் செங்கல்லும் திடீரென்று நொறுங்கும். ஸ்டாண்டு இல்லை என்றால் வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து வெயிலில் பார்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கும் வழி இது. கருப்பாக இருந்தால் பழசு, அவ்வளவுதான். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையிலோ வெள்ளத்திலோ இறக்கிய வண்டிகளில் பார்க்கலாம். கீழ்ப் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் கருஞ்சாந்து போல நுண்ணிய இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், அது இயல்பு. சிம்பு சிம்பாகவோ, பல் முனை உடைந்த துண்டாகவோ இருந்தால் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆயிலில் தங்கப்பொடி தூவியது போல மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் அது சிங்க்ரோ வளையம் தேய்ந்த தூள். அழுகிய முட்டை போன்ற வாடைக்கு மட்டும் பயப்பட வேண்டாம். கந்தகச் சேர்மானத்தின் இயல்பான வாடை அது.

போல்ட்டின் வாசரைப் புதிதாகப் போட வேண்டும். பெட்டியின் உடல் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கினால் மரை போய்விடும்.

வடித்த ஆயிலைக் கரையானுக்கு என்று வேலிக்கம்பத்தில் பூசுவதும், மாட்டின் புண்ணில் தடவுவதும், கிணற்று மேட்டில் கொட்டுவதும் இன்னும் நடக்கிறது. உலோகத்தூளும் வேதிச் சேர்மானமும் கலந்த கழிவு அது. மாட்டின் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளே போகும், மண்ணில் ஊற்றினால் தண்ணீருக்குப் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுத்துப்போகிறவர் வரும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆயிலால் தீராதது

புது ஆயில் ஊற்றியதும் முதல் கிலோமீட்டரிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஓரிரு வாரம், குளிரிலும் சூட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய ஆயில் தவறான ரகமாகவோ, கனமாகவோ, குறைந்தோ இருந்திருந்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஒரே கியர் இன்னும் கடித்தால் வளையம் தேய்ந்துவிட்டது. அதை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது.

அப்போதும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சமவெளியில் ஓடும் வண்டி என்றால் டபுள் கிளட்ச்சைப் பழகிக்கொண்டு அறுவடை முடியும்வரை ஓட்டலாம். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட வேண்டும். வளையம் செய்ய வேண்டிய வேலையை எஞ்சினே செய்துவிடும். மேல்கியருக்குப் போகும்போது ஆக்ஸிலேட்டர் தட்டு தேவையில்லை. நியூட்ரலில் ஒரு நொடி பொறுத்தால் போதும். கிளட்ச் பிளேட் மாற்றும் காலம் வரும்போது எப்படியும் பெட்டியை இறக்கத்தான் போகிறார்கள். வளையத்தையும் அப்போதே மாற்றிவிட்டால் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றோடு போகும்.

மலைப்பாதையில் சுமை இறக்கும் வண்டிக்கு இந்தத் தவணை பொருந்தாது. இரண்டாம் கியர் நிச்சயமாக விழும் என்ற நம்பிக்கை இல்லாத வண்டியில் மலையிறங்கக் கூடாது. வாடகை வண்டியில் மூட்டையை அனுப்பிவிட்டு, சொந்த வண்டியைப் பட்டறையில் விடுவதே சரி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி இறக்குகிறவர்களுக்கும் இது சேர்த்துத்தான்: வேகம் ஏறிய பிறகு கியருக்குள் திரும்புவது நல்ல வளையத்துக்கே கடினம், தேய்ந்த வளையம் அங்கே கைவிட்டுவிடும்.

டிராக்டருக்கு இந்தக் கணக்கு வேறு

கார் பற்றிப் படித்ததை அப்படியே டிராக்டருக்குக் கொண்டுபோக வேண்டாம். பல டிராக்டர்களில் சிங்க்ரோ வளையமே கிடையாது. அவற்றில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும், ஓடும்போது மாற்றினால் எந்த ஆயிலிலும் கடிக்கும். இன்னொன்று, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் என எல்லாம் ஒரே ஆயிலில் இயங்கும் டிராக்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ‘யு.டி.டி.ஓ.’ எனப்படும் டிராக்டருக்கே உரிய பொது ஆயில் தேவை. அதில் சாதாரண 90 ஆயிலை ஊற்றினால் கியர் ஓடும், ஆனால் பிரேக் கீச்சிடும், பிடிப்பு மாறும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் மந்தமாகும். உலர்ந்த பிரேக் உள்ள பழைய டிராக்டர்கள் பலவற்றுக்கு 90 ஆயிலே போதும். இரண்டு வகையும் ஒரே ஊரில், சில வேளை ஒரே கொட்டகையில் நிற்கின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன ஊற்றினார் என்று கேட்காமல், தன் டிராக்டரின் பிரேக் எந்த வகை என்று கையேட்டில் பார்த்த பிறகே டின் வாங்க வேண்டும்.